நடந்தால் மட்டும் போதுமா? அறுபதுக்குப் பிறகு தசை பலம்: ஓர் எளிய விளக்கம்

விடியற்காலை ஐந்தரைக்கு வேலூர்க் கோட்டைப் பக்கம் போனால், அகழியை ஒட்டிக் கை வீசி நடக்கிற பெரியவர்களைப் பார்க்கலாம். மூச்சு வாங்காமல், ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பார்கள். அவர்களே வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது ஒரு கையைத் தரையிலும் ஒரு கையை முட்டியிலும் ஊன்றி, "அப்பா" என்று முனகிக்கொண்டுதான் எழுவார்கள். "நடக்கறதெல்லாம் நல்லாத்தான் நடக்கறேன், கீழ உக்காந்தா எழுந்துக்கதான் முடியல" என்பது இந்தப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு.

தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிற கால், தரையிலிருந்து எழத் தடுமாறுகிறது. இரண்டுமே காலின் வேலைதானே, ஏன் இப்படி? காரணம் தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நம் தசைக்குள் இரண்டு விதமான இழைகள் உண்டு. ஒன்று மெது இழை. பலம் குறைவு, ஆனால் சீக்கிரம் களைக்காது. நிற்பது, நடப்பது, அடுப்படியில் வேலை பார்ப்பது எல்லாம் இதன் வேலை. மற்றது வேக இழை. சட்டென்று பெரிய விசை கொடுக்கும், சீக்கிரம் களைத்துவிடும். தரையிலிருந்து எழ, பஸ் படியில் ஏற, கால் இடறும்போது மற்றக் காலைப் பட்டென்று முன்னே வைத்து விழாமல் தப்பிக்க இந்த இழைதான் வேண்டும்.

உடம்பு சிக்கனமானது. சின்ன வேலைக்கு மெது இழையை மட்டும் கூப்பிடும்; அது போதாதபோதுதான் வேக இழையை எழுப்பும். சமதரையில் நடப்பது உடம்புக்குச் சின்ன வேலை. எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் வேக இழைகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற முதலில் சுருங்குவதும் இவைதான். முப்பதுகளிலிருந்தே தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது, அறுபதுக்குமேல் அந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் பலம் வேகமாகக் குறையும். அதனால் தொடையைப் பார்த்தால் அதே பருமன்தான் இருக்கும். எழுந்தால்தான் குறை தெரியும். வயதோடு வரும் இந்தத் தேய்வுக்கு 1989-ல் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார்கள். தசை இழப்பு என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

நடை வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் அது மருந்து. ஆனால் நடை தராத ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகத்தான் சம்பாதிக்கவேண்டும்.

சத்துவாச்சாரிக்குத் தெரிந்த விதி

தசைக்கு எப்படிப் பலம் ஏறும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு வெளியூரிலிருந்து வந்து யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் நம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். கிளாஸ்கோவில் அவர் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு தூக்கு முறைகளிலும் சேர்த்துத் தூக்கிய எடை 328 கிலோ. பளுதூக்குகிறவர்கள் யாரும் முதல்நாளே அந்த எடையைத் தொடுவதில்லை. இன்று தூக்க முடிவதைவிடச் சற்றே கூடுதலாகத் தூக்குவது, தசை ஆற இடைவெளி விடுவது, பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றுவது என்று வருஷக்கணக்கில் போகும் வேலை அது. போட்டி மேடையில்கூட எடையை ஒவ்வொரு கிலோவாக ஏற்றலாம்.

இந்த விதி இருபது வயதுப் பையனுக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒன்றுதான். 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய, நலிந்த 10 பேருக்கு 8 வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். "இந்த வயசுக்கு மேல என்ன பலம் வரப்போகுது" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவேண்டும். வீட்டுப் பெரியவர் தம்ளரை எடுக்க எழுந்தாலே "நீங்க உக்காருங்க, நான் எடுத்தாறேன்" என்பது பாசத்தில் வருகிற பேச்சுதான். ஆனால் நாளுக்கு இருபது தடவை எழவேண்டியவரை நாலே தடவை எழவைத்தால் அந்தத் தொடை என்ன ஆகும்?

முதலில் அளந்து பாருங்கள்

கை வைக்காத, சுமார் 17 அங்குல உயர நாற்காலி ஒன்று வேண்டும். அதன் முதுகைச் சுவரில் முட்டக் கொடுத்துவிடுங்கள். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், கால்கள் அகலும். மரம் அல்லது இரும்பு நாற்காலி நல்லது. காலில் சாக்ஸ் கூடாது.

இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் ஒருவர் போனில் 30 விநாடி வைக்கட்டும். முழுதாக எழுந்து நின்று, முழுதாக உட்காருவது ஒன்று. 30 விநாடியில் எத்தனை முறை? கையை ஊன்றி எழவேண்டி வந்தால் கணக்கு சுழியம்.

அமெரிக்க மருத்துவர்கள் முதியோர் விழும் ஆபத்தைக் கணிக்கப் பயன்படுத்தும் அட்டவணையின்படி 60 முதல் 64 வயது வரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12. 65-69-ல் 12, 11. 70-74-ல் 12, 10. 75-79-ல் 11, 10. 80-84-ல் 10, 9. இதற்குக் கீழே வந்தால் அந்த வயதுக்குப் பலம் குறைவு. நம் ஊர் உடல்வாகுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தவேண்டும் என்பதில்லை. ஆசிய மருத்துவர் குழு 2019-ல் வகுத்த இன்னொரு அளவும் இருக்கிறது: தொடர்ந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்குமேலோ பிடித்தால் தசை பலம் குறைந்திருக்கலாம். எதை எடுத்தாலும் சரி, உங்கள் எண்ணைச் சுவர்க் காலண்டரில் இன்றைய தேதிக் கட்டத்தில் எழுதிவையுங்கள். இனி நீங்கள் போட்டி போடவேண்டியது அந்த எண்ணோடுதான்.

எழுந்து உட்காரும் பயிற்சி

அளந்து பார்த்த அதே அசைவுதான் மருந்தும். நாற்காலி அதே நாற்காலி. பின்னால் சாய்ந்து உட்காராமல் விளிம்பை நோக்கி நகர்ந்து வாருங்கள். பாதம் இரண்டும் தோள் அகலத்தில். குதிகால் முட்டிக்கு நேர் கீழே இருக்கக்கூடாது. கொஞ்சம் பின்னே, நாற்காலிப் பக்கமாக இழுத்து வையுங்கள். பாதி பேர் எழத் திணறுவதற்குக் காரணம் இந்த ஓர் அங்குலம்தான். காலை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்த்தால் உடம்பின் எடை காலுக்கு மேல் வரவே வராது, எத்தனை பலம் இருந்தாலும் பின்னால் விழுவோம்.

இனி இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள், முதுகை வளைக்காமல். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை சாயவேண்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பெரியவர்கள் சாயாமல் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள். சாய்ந்தால்தான் பிட்டம் தானாகத் தூக்கும். தூக்கியதும் குதிகாலால் தரையை அழுத்தி எழுங்கள். எழும்போது மூச்சை வாய்வழியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறும். சத்தமாக "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் மூச்சைப் பிடிக்கவே முடியாது. மேலே வந்ததும் இடுப்பை முழுக்க நிமிர்த்துங்கள்.

உட்காருவதில்தான் பாதி லாபம் இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் வீணாக்குகிறார்கள். தொப்பென்று விழுந்தால் தசைக்கு வேலையே இல்லை. முதுகெலும்பும் அதிரும், எலும்பு மெலிந்தவர்களுக்கு அது ஆபத்தும்கூட. மூன்று எண்ணி இறங்குங்கள். கடைசி நாலு அங்குலத்தில் தொடை நடுங்கும், அந்த இடத்தில்தான் வேக இழை வேலை செய்கிறது.

முட்டிகள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கி மடிகின்றனவா என்று வீட்டில் ஒருவரை முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மடிந்தால் இடுப்பின் பக்கத் தசை பலவீனம் என்று பொருள். முட்டி எப்போதும் இரண்டாவது கால்விரலின் திசையைப் பார்க்கவேண்டும்.

எத்தனை முறை? 8 முதல் 12. இரண்டு நிமிடம் ஓய்வு. பிறகு இன்னொரு சுற்று. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. தினமும் செய்தால் சீக்கிரம் பலம் வரும் என்று நினைக்கவேண்டாம். பயிற்சியில் களைக்கும் தசை, ஓய்வில்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது.

கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்கவேண்டும், ஆனால் முறை பிசகக்கூடாது. சரியான அளவு அதுதான். எட்டே முடியவில்லை என்றால் நாற்காலியில் மடித்த கம்பளி போட்டு மூன்று அங்குலம் உயர்த்துங்கள், அல்லது கை வைத்த நாற்காலியில் இரு கையும் ஊன்றிச் செய்யுங்கள். அது எளிதானதும் ஒரு கை. அப்புறம் கையே இல்லாமல். 12 முறை சிரமமில்லாமல் வந்துவிட்டதா? இறங்குவதை ஐந்து எண்ணுக்கு நீட்டுங்கள். அதுவும் எளிதானால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு கிலோ. பிறகு இரண்டு பாட்டில். ஆறு மாதமாக அதே நாற்காலி, அதே பத்து முறை என்று ஓட்டினால் முதல் இரண்டு மாதத்தில் வந்த பலத்தோடு நின்றுவிடும். நிறையப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

முட்டி தேய்ந்துவிடாதா?

இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. அளவு கருவி பொருத்திய செயற்கை முழங்கால் வைத்துக்கொண்டவர்களிடம், எந்த அசைவில் மூட்டின்மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்று நேராகவே அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு. நாற்காலியிலிருந்து எழும்போது சுமார் 2.5 மடங்கு. நடையைவிட நாற்காலி மூட்டுக்குப் பெரிய பாரம் இல்லை. படி இறங்கும்போதுதான் 3.5 மடங்கு வரை போகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவதும் தொடைத் தசைப் பயிற்சிதான். தொடை உறுதியாக இருந்தால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும், மூட்டுக்குப் போவது குறையும்.

ஆனாலும் வலியைப் படிக்கத் தெரியவேண்டும். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடையின் சதைப்பகுதியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நோவு இருந்தால் அது தசை வேலை செய்ததன் அடையாளம், மூன்று நாளில் போய்விடும். முழங்காலில் பத்துக்கு மூன்று அளவு வலி பயிற்சியின்போது வந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். கத்தி குத்துவதுபோன்ற வலி, மூட்டு வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது என்றால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். முழங்கால் சிப்பிக்குப் பின்னால் வலிப்பவர்கள் நாற்காலியை உயர்த்தினாலே பெரும்பாலும் வலி குறையும். எவ்வளவு ஆழமாக மடிக்கிறோமோ அவ்வளவு அழுத்தம் அங்கே.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் 180/110-க்குமேல் இருப்பவர்கள், சர்க்கரையால் கண் விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடை தூக்கக்கூடாது. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் உட்கார்ந்துவிடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துக் காத்திருக்கவேண்டாம்.

மற்ற தசைகள்

தொடைக்கு அடுத்தது கெண்டைக்கால். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, இரண்டு எண்ணி, மெல்ல இறக்குங்கள்; 12 முறை, இரண்டு சுற்று. மேல்கைக்கும் மார்புக்கும் சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் பதித்து, முழங்கை மடக்கி நெருங்கி, தள்ளி வருவது. முதுகுக்கு, மேசையில் ஒரு கை ஊன்றிக் குனிந்து, மறு கையால் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இடுப்பு வரை இழுப்பது. கைப்பிடிக்கு, ஈரத் துண்டை இரண்டு பக்கமும் முறுக்கிப் பிழிவது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்.

குடியாத்தம், காட்பாடி பக்கம் பீடி சுற்றும் பெண்கள் "நாங்க நாள் பூரா வேலைதானே செய்யறோம்" என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் முறத்தை மடியில் வைத்து எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கையில் விரல்தான் ஓடுகிறது, தொடையும் இடுப்பும் சும்மா இருக்கின்றன. தறியில் உட்காருபவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு இந்தப் பயிற்சி மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஒவ்வொரு கட்டு முடித்ததும் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தால்கூட நாள் முடிவில் நல்ல கணக்கு சேரும்.

மலைப்படி

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. 2024-ல் ரோப்கார் வந்துவிட்டது என்றாலும், நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் ஏறத்தான் செய்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி நடுங்கும். காரணம் வேறு வேறு. ஏறுவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சோதனை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்தவேண்டும், பிரேக் போடுவதுபோல. அப்படி நீண்டுகொண்டே இழுக்கும் வேலையில்தான் தசைக்குச் சேதம் அதிகம். மறுநாள் கழிவறையில் உட்கார முடியாமல் போவதும் இதனால்தான்.

மலைக்குப் போக இரண்டு மாதம் முன்பே தயாராகலாம். வீட்டு வாசற்படியில் ஒரு படி போதும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேல்படியில் ஒரு காலில் நின்று, மறு காலை மூன்று எண்ணிக் கீழே இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வாருங்கள். ஒரு காலுக்கு 8 முறை. இரண்டாவது வாரம் 10, அப்புறம் 12. மலையிலும், ஒரு முட்டி மோசமாக இருந்தால் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் இறக்குங்கள். உடம்பைத் தூக்குவதும் தாங்கி இறக்குவதும் அப்போது நல்ல காலின் வேலையாகிவிடும்.

சமநிலை

பலம் இருந்தும் விழுபவர்கள் உண்டு. கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதத்தின் உணர்வு மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிற்கவைக்கின்றன. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனால் ஒரு கால் போன முக்காலி மாதிரி. இருட்டில் இன்னொரு காலும் போய்விடும். ராத்திரி பாத்ரூம் போகையில் பலர் விழுவது இதனால்தான்.

அடுப்பு மேடையை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு, ஒரு பாதத்தின் விரல்களுக்கு முன்னால் மறு பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து 30 விநாடி நில்லுங்கள். வந்துவிட்டால் விரலை எடுங்கள். அடுத்து ஒற்றைக் காலில் 10 விநாடி. பல் துலக்கும்போது காலையில் வலது, மாலையில் இடது என்று வைத்துக்கொண்டால் தனி நேரமே வேண்டாம். சமநிலைப் பயிற்சி தசைப் பயிற்சி மாதிரி இல்லை, தினமும் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டுதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 3 நாள் பலமும் சமநிலையும் சேர்ந்த பயிற்சியையும், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும் சொல்கிறது.

மிதமான உழைப்பு என்றால்? பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. நாடித்துடிப்பை எண்ணுவதைவிட இது நம்பகமானது. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற, துடிப்பைத் தணிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது.

வெயில், கால், மாத்திரை

வேலூரின் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லவேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கே பாறைமலைகள் அனல் வீசத் தொடங்கிவிடும். வயதானால் தாக உணர்வு மங்கும், வியர்ப்பதும் குறையும், அதனால் உடம்பு சூடாவது தெரியாமலே சூடாகும். மே மாதத்தில் ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். கிளம்புமுன் ஒரு தம்ளர் தண்ணீர். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வெளியே போக முடியாத நாளில் நாற்காலிப் பயிற்சிக்கு ஒரு மின்விசிறி போதும்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் உடனே. 15 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். ரத்த அழுத்தம், புரோஸ்டேட் மாத்திரைகள் எழுந்தவுடன் தலைசுற்ற வைக்கும்; படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நில்லுங்கள்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போவது இந்தப் பக்கத்தில் வழக்கம். 14 கிலோமீட்டர், பெரும்பாலும் வெறுங்காலில். பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் போகக்கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை. கல் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாது. புண்ணாகிச் சீழ் வைத்தபிறகுதான் தெரியும். இதை வேலூரைவிட நன்றாக அறிந்த ஊர் இல்லை. தொழுநோயால் உணர்வற்றுப்போன பாதங்களுக்கு ஏன் புண் வருகிறது, என்ன செருப்பு அதைத் தடுக்கும் என்று சி.எம்.சி. மருத்துவமனையிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் டாக்டர் பால் பிராண்டும் உடன் இருந்தவர்களும் செய்த வேலையின் பலனைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகள் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பாக அணிகிறார்கள். அதை வாங்கும்போது குதிகாலில் வார் இருக்கிறதா என்று பாருங்கள். வார் இல்லாத செருப்பு நழுவும், நழுவாமலிருக்க விரலைச் சுருக்கிப் பிடிப்போம், அங்கே புண் வரும். நடந்து வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தட்டில் என்ன இருக்கிறது

கல்லும் சிமெண்டும் இல்லாமல் கொத்தனார் என்ன கட்டுவார்? தசைக்கு அது புரதம். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது முதியோர் மருத்துவர்கள் பலரின் கருத்து. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். மூன்று இட்லியில் சுமார் 6 கிராம்தான். ஒரு முட்டையில் 6, ஒரு தம்ளர் பாலில் 6, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, ஒரு பிடி வேர்க்கடலையில் 7, 100 கிராம் மீனில் சமைத்தபின் 20-க்குமேல். ராத்திரி பல் இல்லை, பசி இல்லை என்று ரசம் சாதத்தோடு முடித்துக்கொண்டால் கணக்கு எட்டவே எட்டாது. களி சாப்பிடுகிற வீட்டில் கூடவே காராமணிக் குழம்போ கருவாட்டுக் குழம்போ கெட்டியாக இருக்கட்டும். சிறுநீரகம் பாதித்தவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

விளையாட்டு

கொஞ்சம் பலம் வந்ததும் விளையாடத் தோன்றும், விளையாடவேண்டும். பந்தைத் துரத்தும்போது உடம்பு தன்னை மறந்து வேலை செய்யும். எந்தப் பயிற்சியும் தராத சுறுசுறுப்பு அது. ஷட்டில் ஆடுபவர்கள் இரட்டையர் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் ஆடுகளத்தில் கால் வைக்காதீர்கள். இருபது வருஷம் கழித்து மட்டையைத் தொடுகிறவர் முதல் வாரமே வலை அருகே பாய்ந்தால் குதிகால் தசைநாண் அறுந்துபோகலாம். மனதுக்கு இருக்கும் பழைய வேகம் அந்தத் தசைநாணுக்கு இல்லை. பெண்களுக்கு வளையப் பந்து நல்ல விளையாட்டு. மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருடப் பிரிவுகள் உண்டு. குண்டு எறிதலில் 60 வயது ஆணுக்கு 5 கிலோ, 70-ல் 4, 80-ல் 3 என்று குண்டின் எடையும் வயதோடு இறங்கும்.

படுக்கையில் விழுந்தால்

ஆரோக்கியமாக இருந்த முதியவர்கள் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. டெங்கு, சிக்குன்குனியா, ஆபரேஷன் என்று வீட்டுப் பெரியவர் படுத்தால் காய்ச்சலைப் பார்ப்பதோடு தொடையையும் பார்க்கவேண்டும். மருத்துவர் அனுமதித்த முதல் நாளிலிருந்தே கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, நாளுக்கு மூன்று வேளை, ஐந்தைந்து முறை எழுந்து நிற்கவையுங்கள். பழைய எண்ணுக்குப் போகாமல் கம்பளி போட்ட நாற்காலியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

கடைசியாக, தரையிலிருந்து எழுவதை வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பழகிவையுங்கள். விழுந்தால் உடனே எழப் பார்க்காதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே படுத்து, இடுப்பிலோ தொடையிலோ வலி இருக்கிறதா, காலை அசைக்க முடிகிறதா, தலையில் அடியா என்று பாருங்கள். எங்காவது கடுமையான வலி என்றால், தலையில் அடி என்றால், அசையாமல் ஆளைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் புரளுங்கள். முழங்கையை ஊன்றி, பிறகு கையை ஊன்றி, நாலு காலில் வாருங்கள். அப்படியே தவழ்ந்து நாற்காலியோ கட்டிலோ இருக்கும் இடத்துக்குப் போங்கள். இரு கையையும் அதன்மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னே கொண்டுவந்து தரையில் பதியுங்கள். மூக்கைக் கால்விரலுக்கு மேலே கொண்டுபோய், குதிகாலால் அழுத்தி எழுந்து, திரும்பி உட்காருங்கள். ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நிற்கவேண்டும்.